மூளை வீக்கத்துக்கு முட்டி மாத்திரை

விருதுநகரில் பயிற்சி மருத்துவராக இருந்தபோது எனக்குப் பொறுமை என்பதே கிடையாது. நோயின் பெயரைச் சொல்லி முடிக்கும் முன்பே மருந்தின் பெயர் நாக்கில் வந்து நிற்கும். பக்கவாதம் வந்து சேர்ந்த வேன் டிரைவரின் ஸ்கேனில் மூளை வீங்கியிருப்பதைப் பார்த்ததும், வீக்கத்தை வடிக்கும் மானிட்டால் எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன்.

"வீக்கம் இருக்கு, சரி. ஆள் எப்படி இருக்காரு?" என்றார் பெரிய டாக்டர்.

ஆள் கூப்பிட்டால் கண் திறந்தார். இடது கையைத் தூக்கச் சொன்னால் என்னை முறைத்தார்.

"அப்ப இப்போதைக்கு வேண்டாம். வீக்கம் இன்னும் ஏறும். மயக்கம் கூடினா ஆரம்பிப்போம். அதுக்கும் அடங்கலைன்னா மதுரைக்கு அனுப்பி மண்டையோட்டைத் திறக்கணும்."

கடைசி வரி டிரைவரின் மனைவி காதில் விழுந்துவிட்டது. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். ஏழாயிரம்பண்ணைக்குத் தினமும் கணவர் ஓட்டும் வேனிலேயே போவார். "மண்டையத் தொறக்கவா? ஆத்தாடி!" என்று கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மயக்கம் கூடியது. சிறுநீரகம், உப்பு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துவிட்டு மானிட்டால் ஏற்றினோம். கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பை மளமளவென்று நிறைந்தது.

"ஏத்துறதெல்லாம் இங்கன வந்துருதே டாக்டரம்மா, மூளைக்கு என்னத்தப் போகுது?" என்றார் மனைவி.

எனக்கு உற்சாகம் பொங்கியது. வீங்கிய மூளையிலிருந்து நீரை ரத்தத்துக்கு இழுத்து வெளியே தள்ளுவதுதான் இந்த மருந்தின் வேலை என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அவரும் தலையாட்டினார். பெருமையோடு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தால், மூக்குக் குழாயில் ஊற்ற வேண்டிய கஞ்சியில் எதையோ பொடித்துப் போடப்போகிறார்!

"அக்கா, என்னது அது?"

"முட்டி மாத்திரைதான். நாள் முச்சூடும் குத்தவச்சு வேலை பாக்கோம்ல, முட்டி வீங்கும். மெடிக்கல்ல இதத்தான் தருவாக. ஒரே ராத்திரில வத்திரும்."

ஸ்டீராய்டு.

"இது வேற வீக்கம்க்கா. ரத்தக்குழாய் அடைப்பால வர்ற மூளை வீக்கத்துக்கு இது கேக்காது. சர்க்கரையை வேற ஏத்திவிட்டுரும். இதுக்கு முன்னாடி குடுத்தீங்களா?"

"இல்ல தாயி, சத்தியமா. வீக்கத்துல எம்புட்டு வகைதான் இருக்கு!"

வேலை முடிந்து பார்க்க வந்திருந்த, அதே வேனில் கம்பெனிக்குப் போகும் பெண்களில் ஒருத்தி சும்மா இருக்கவில்லை. "டாக்டரம்மா, அவ புருசன் பசின்னாலும் இந்த மாத்திரையத்தான் குடுப்பா!"

சிரித்துக்கொண்டே சர்க்கரை பார்த்தேன். சரியாக இருந்தது. மதுரைக்கு அனுப்புவதா இல்லையா என்று முடிவு செய்யப் பெரிய டாக்டர் உள்ளே வந்தார். மனைவியின் கை மறுபடி கட்டில் கம்பிக்குப் போனது. மயக்கம் தெளிந்ததா என்று பார்க்க மனைவி கூப்பிட்டார், நான் கூப்பிட்டேன். டிரைவரின் இமை லேசாக அசைந்ததோடு சரி.

அந்தப் பெண் அவர் காதருகே குனிந்தாள். "அண்ணே, ஒங்க வேன ஓனரு மகன்தான் ஓட்டுறான். கியரப் போட்டா கரகரங்குது."

கண் திறந்தது. இரண்டும். வாய் ஒரு பக்கம் கோணியபடி, "ஏத்தா... கிளச்ச மிதிக்கச் சொல்லு" என்றார்.

வலது கையைத் தூக்கச் சொன்னார் பெரிய டாக்டர். தூக்கினார். டார்ச் அடித்துக் கண்மணிகளையும் பார்த்துவிட்டு, "மதுரை வேண்டாம். இதே மருந்து ஓடட்டும், சிறுநீரகத்தை மட்டும் பாத்துக்கோ" என்றார் என்னிடம்.

மனைவி கம்பியை விட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "தொண்ட கிழியக் கத்துனேன், தொறக்கல. வேனுன்னதும் முழிச்சுப் பாக்காரு பாருங்க, இந்த மனுசன்!"