மூன்று கட்சி மாறிய பிரபு

அந்தப் படத்தை இன்றும் நான்தான் துடைக்கிறேன். ஆள் உயரப் படம். வெள்ளைப் பொய்முடி, சிவந்த மூக்கு, வீங்கிய காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருக்கும் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பிரபு. இலங்கைப் பக்கம் எட்டியும் பார்க்காதவர். உடப்புசல்லாவைக்கு மேலே இருந்த பழைய தேயிலைத் தோட்டத் துரை பங்களாவை ஹோட்டலாக்கியபோது, முதலாளி இந்தப் படத்தை எங்கோ ஏலத்தில் பிடித்துவந்து சாப்பாட்டு அறையில் மாட்டினார். கூடவே பிரபுவின் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு தாளும் வந்தது.

வரவேற்பில் வேலை பார்த்த நான் ஒருநாள் அதை அப்புவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். பங்களாச் சமையல்காரரை எங்கள் பக்கம் அப்பு என்றுதான் சொல்வோம். அவருக்கு எதையும் பூசி மெழுகிச் சொல்லத் தெரியாது. சூப் எப்படி என்று விருந்தினர் கேட்டால், “இன்னைக்கு உப்பு கூடிப்போச்சுங்க” என்று தானே சொல்லிவிடுவார்.

ஒரு மழைக்காலத்தில் பங்களாவுக்கு ஏறும் பாதை சரிந்து, விருந்தினர் வரத்து நின்றது. பாதையைச் சரிசெய்யாவிட்டால் ஹோட்டலை மூடிவிடுவதாக முதலாளி சொன்னார். எங்கள் எல்லோருக்கும் வேலை போகும். மெனேஜர் எப்படியோ பேசி, பாதைக்குப் பொறுப்பான பிரதேச சபையின் தலைவரான தவிசாளரைப் பகல் சாப்பாட்டுக்கு வரவழைத்தார். தவிசாளர் அதுவரை மூன்று கட்சி மாறியவர் என்பது ஊரறிந்த விஷயம்.

கோழிக் காலைக் கடித்தபடி அவர் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“யாரு அப்பு இது?”

“இங்கிலாந்துப் பிரபுங்க. அப்பா செல்வாக்குல பார்லிமெண்டுக்குப் போனாரு. மூணு தடவ கட்சி மாறினாரு.”

மெனேஜரின் கரண்டி அந்தரத்தில் நின்றது. தவிசாளரோடு வந்த இருவரும் குனிந்து சோற்றையே பார்த்தார்கள். அப்பு பருப்பைப் பரிமாறிக்கொண்டே தொடர்ந்தார்.

“முப்பது வருஷம் இருந்தும் அங்க வாயே தொறக்கலங்க.”

“நீங்க யாரைச் சொல்றீங்க?” தவிசாளரின் குரல் மாறியிருந்தது.

“படத்துல இருக்கவரத்தாங்க.”

அப்புவைக் காப்பாற்றுவதாக நினைத்து, நான் ஓடிப்போய்த் தாளை எடுத்துவந்து உரக்க வாசித்தேன். அடுத்த வரியே, வாக்காளர்களுக்குப் பிரபு பீப்பாய் பீப்பாயாகச் சாராயம் ஊற்றிய கதை. என் குரல் தானாக இறங்கியது.

“கட்சி மாறினதுக்கு அவர என்ன செஞ்சாங்க?” என்று கேட்டார் தவிசாளர்.

“ஒவ்வொரு தடவையும் பட்டத்த ஒரு படி ஒசத்திக் குடுத்தாங்க” என்றார் அப்பு.

தவிசாளர் கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பிரபுவின் பக்கத்தில் நின்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். “பாத்தீங்களா, வெள்ளக்காரனே செஞ்சிருக்கான்!” என்றார் தன் ஆட்களிடம். இரண்டு வாரத்தில் பாதைக்குக் கல் வந்து இறங்கியது.

மறுவருடம் அவர் நான்காவது தடவையும் மாறி, பெரிய பதவியோடு வந்தார். நேரே படத்தடிக்குப் போனார்.

“இவரு ஏன் அப்பு மூணோட நிப்பாட்டிட்டாரு?”

“செத்துட்டாருங்க.”

அன்று அவர் மறுசோறு கேட்கவில்லை.

குசினிக்குள் போய், “கொஞ்சம் சுத்தி வளைச்சுச் சொல்லியிருக்கலாமே அப்பு” என்றேன்.

அப்பு அடுப்பை அணைத்துவிட்டு என்னை உண்மையான குழப்பத்தோடு பார்த்தார்.

“செத்தத எப்படிம்மா சுத்தி வளைக்கிறது?”