டெஸ்க்டாப்பில் இருந்த மாமியார்

புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தன. கம்ப்யூட்டர் கிளம்பும்போது கறுப்புத் திரையில் வருமே, அந்தப் புள்ளிகள். அந்தச் சனிக்கிழமை காலை அவை சுற்றியதோடு சரி, மேற்கொண்டு ஒன்றும் வரவில்லை. என் மாமனார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ரயில்வே கேட் திறக்கக் காத்திருப்பவர் மாதிரி எதிரே உட்கார்ந்திருந்தார். காபி ஆறி ஆடை படிந்துவிட்டது. "இன்னிக்குப் பேப்பர் படிச்ச மாதிரிதான் மாமா" என்றேன். அவர் புள்ளிகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பேப்பர் படிக்கிறார் என்றுதான் பட்டாபிராமில் எங்கள் ஃப்ளாட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். மாமியார் தவறிய பிறகு, தினமும் காலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். "பேப்பர் படிக்க ஹெட்போன் எதுக்கு மாமா?" என்று ஒருமுறை கேலி செய்தேன். காது மடலெல்லாம் சிவந்து, மானிட்டரை அணைத்துவிட்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது மாமியாரை என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. மாமியார் இருந்தவரை இருவரும் துபாயில் இருக்கும் என் நாத்தனாரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுவார்கள். அதையெல்லாம் யாருக்கும் சொல்லாமல் ரெக்கார்ட் செய்து ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருந்திருக்கிறார். அவற்றில் மாமியார் மகளோடு பேசியதைவிட இவரைத் திட்டியதுதான் அதிகமாம். கேமராவை என் பக்கம் திருப்புங்க, உங்க வழுக்கையை அவ எவ்வளவு நேரம்தான் பார்ப்பா, நகருங்க. இப்படியே போகுமாம். காசு கொடுத்தாலும் கிடைக்காத வசவு அது. மனுஷர் அதைக் கேட்டுவிட்டுத்தான் பல் தேய்ப்பதற்கே போவார்.

ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவள் என்பதால் வீட்டில் என்னை டாக்டர் ரேஞ்சுக்கு நம்பினார்கள். அணைத்து அணைத்துப் போட்டேன். பின்னால் செருகியிருந்ததையெல்லாம் பிடுங்கிப் பார்த்தேன். சேஃப் மோடுக்குள் நுழையப் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை. கடைசியில் ஸ்டேஷன் பக்கம் கடை வைத்திருக்கும் ரிப்பேர்க்காரரை வரச் சொன்னோம். வாட்டசாட்டமான ஆள், வாய் ஓயாது. கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "விண்டோஸ் படுத்துகிச்சு சார். ஃபார்மட் பண்ணி புச்சா போட்டா ஜம்முனு ஓடும். சி டிரைவ்ல கீறது பூரா பூடும், டி-ல கை வைக்க மாட்டேன். முக்கியமா எதுனா கீதா?" என்று கேட்டார்.

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் கணவர் சோபாவில் இருந்தார். மாமனார் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லப்பா. பேப்பர் படிக்கிறதுதான்" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. தன் ஃபோல்டர் எங்கேயும் போகாது என்று அவர் நம்பினார். சி, டி எல்லாம் உள்ளே எங்கோ இருப்பவை, இது டெஸ்க்டாப்பில், திரை வந்ததுமே கண்ணெதிரே இருக்கிறது, இதற்கென்ன வரப்போகிறது என்று நினைத்துவிட்டார். டெஸ்க்டாப்பும் சி-க்குள்தான் அடக்கம் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தோம்? "என் பொண்டாட்டி பேசினது இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எங்கே என்று அந்த ஆள் கேட்டிருப்பார், முதலில் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக் காப்பி எடுத்திருப்பார். மகனும் மருமகளும் இருக்கும்போது அதைச் சொல்ல மாமனாருக்குக் கூச்சம். இப்போது மாமாவும் இல்லை. என் போனோ நான் கேட்காமலே கண்ட படத்தையும் பத்திரப்படுத்தி வைக்கிறது. பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

மத்தியானம் கம்ப்யூட்டர் பளிச்சென்று உயிர்பெற்றது. நான் கைகூடத் தட்டினேன். மாமனார் எழுந்து போய் திரையின் மூலையை விரலால் தொட்டு, "இங்க ஒண்ணு இருந்துதே?" என்றார்.

ரிப்பேர்க்காரரின் முகம் மாறிவிட்டது. "டெஸ்க்டாப்லயா வெச்சிருந்த? இன்னா நைனா, கேட்டேனே, வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?" அவருக்குச் 'சார்' எல்லாம் மறந்துபோயிற்று. அப்போதுதான் மாமனார் எல்லாவற்றையும் சொன்னார். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் அது அம்மாவின் குரல்தானே.

ரிப்பேர்க்காரர் டிஸ்கைக் கடைக்குக் கொண்டுபோய், அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தார். அடுத்த வாரம் அவரே வந்து மாட்டிக் காட்டினார். ஃபைல்கள் பெயரோடு திரும்பியிருந்தன, திறந்தால் ஓடவில்லை. ஒன்றே ஒன்று திறந்தது. அதுவும் முதல் காட்சியிலேயே உறைந்து நின்றது, சத்தம் கிடையாது. பச்சைப் புடவையில் மாமியார் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது செய்தே ஆகவேண்டும் போலிருந்தது எனக்கு. "இதையாவது பிரிண்ட் போட்டு மாட்டலாமா மாமா?" என்று கேட்டேன்.

அவர் திரைக்குக் கிட்டே குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோர் எதிரிலும், கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்: "வேண்டாம்மா. இதுல வாய மூடிக்கிட்டு இருக்கா. அவ அப்படி இருந்ததே இல்ல."