ஆங்கில நடனமும் விளங்காத தமிழும்

போன வருடக் கோடையில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஜெர்மனியின் ஹனோவர் நகரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சமூக மண்டபத்தில் இது நடந்தது. பழைய ஆங்கில நாட்டுப்புற நடனம் ஒன்றைக் கற்றுக்கொடுக்க இங்கிலாந்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். அவருக்கு ஜெர்மன் வராது. ஆட வந்த வயதானவர்கள் பலருக்கு ஆங்கிலம் வராது. வேலையிடத்தில் ஆங்கிலத்தில் கதைக்கிறவள் என்பதால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஓம், வருகிறேன் என்று சொன்ன நாளிலிருந்தே எனக்குப் பயம்தான். அலுவலக ஆங்கிலம் வேறு, பழைய காலத்து நடனத்தின் ஆங்கிலம் வேறு. இடதை வலதென்று மாற்றிச் சொன்னால் ஒரு வரிசையே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கும் அண்ணையும் வந்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, பாணும் கேக்கும் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்து, அண்மையில்தான் ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்காமல் போய் ஆடிவிட்டு வரச் சொல்லி அவருடைய மனைவிதான் அனுப்பினாராம். பெண்களில் ஒருவர் குறைந்ததால் நானே அவருக்குச் சோடியாக நிற்க வேண்டி வந்தது.

"தங்கச்சி, நான் பிழையாப் போனா கையைப் பிடிச்சு இழுத்து விடுங்கோ" என்றார் சிரித்துக்கொண்டு.

ஆண்கள் ஒரு வரிசை, எதிரே பெண்கள் ஒரு வரிசை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சோடி இடம் மாறி, கடைசியில் எல்லோருக்கும் முதலிடம் கிடைக்கும். ஹனோவர் ஆட்சியாளர் இங்கிலாந்துக்கு அரசராகப் போனதற்கும் முந்திய நடனம் இது என்று அந்த அம்மா சொன்னபோது மண்டபத்தில் ஒரு சின்னச் சலசலப்பு. பிறகு அவர் சொன்னதுதான் என்னைப் படாத பாடு படுத்தியது. பழைய புத்தகத்தில் அசைவுகளின் பெயர்கள் மட்டும்தான் இருக்கின்றனவாம். எப்படி ஆடுவது என்று விளக்கம் இல்லையாம். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்ததை யார் எழுதி வைப்பார்கள்? பக்கத்தில் போவது என்று ஓர் அசைவு. அதை ஒரு சாரார் தோளுக்குத் தோள் நெருங்கிப் பின்வாங்குவது என்கிறார்கள், இன்னொரு சாரார் ஒருவரையொருவர் கடந்து இடம் மாறுவது என்கிறார்கள். நாங்கள் முதலாவதை எடுத்துக்கொண்டோம். காலைப் பார்க்காதீர்கள், சோடியின் முகத்தைப் பாருங்கள் என்றார். வியர்த்துக்கொண்டே ஜெர்மனில் சொல்லி முடித்தேன்.

இசை தொடங்கியது. நானும் அண்ணையும் தோளுக்குத் தோள் நெருங்கியபோது அவர் சொன்னார், "தங்கச்சி, கதவைக் காய்ச்சிப்போட்டு வாறன்."

எனக்கு விளங்கவில்லை. நான் ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவள். எழுத வாசிக்கச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தேனே தவிர, பெரியவர்கள் கதைக்கும்போது தெரியாத சொல் ஒன்று எப்படியும் வந்து விழும். இதுவும் சிரிக்கச் சொன்ன ஏதோ ஊர்ப் பகிடி, எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தேன். கேட்க வெட்கமாக இருந்தது. சிரித்துவிட்டுப் பின்வாங்கினேன்.

அடுத்த சுற்றில் அவர் எதிர்ப்பக்கம் திரும்பினார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கையைப் பிடித்து இழுத்தேன். அவர் நீளமாக ஏதோ சொன்னார். ஏற்ற இறக்கம் எல்லாம் அசல் யாழ்ப்பாணத் தமிழ். ஆனால் அதில் பொருளுள்ள ஒரு சொல்கூட இல்லை. பக்கத்தில் ஆடிய ஜெர்மன்காரப் பெண், என்ன பகிடி, எங்களுக்கும் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள் என்று ஆசையாகக் கேட்டார்.

என்னால் முடியவில்லை. மொழிபெயர்க்க அங்கே மொழியே இருக்கவில்லை.

அப்போதும் தயங்கினேன். ஆட்டத்தை நிறுத்தி, பிறகு ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் இத்தனை பேர் முன்னால் அவரை அல்லவா அவமானப்படுத்தியதாகும்? என் தமிழ்தான் பிழையோ? அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் பதில் சொல்வேன் என்று காத்துக்கொண்டு நின்றார்.

இசையை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன்.

"அண்ணை, ரெண்டு கையையும் தூக்குங்கோ." நான் தூக்கிக் காட்டியதைப் பார்த்து அவரும் தூக்கினார். வலது கை மெதுவாகக் கீழே இறங்கியது. அது இறங்குவது அவருக்கே தெரியவில்லை. முதலுதவி வகுப்பில் சொல்லித் தந்த பக்கவாத அறிகுறி அது.

யாரோ அம்புலன்ஸுக்குப் போன் அடித்தார்கள். அவரைக் கதிரையில் இருத்தி, பக்கத்தில் குந்தியிருந்தேன். அம்புலன்ஸில் வந்த இளைஞர் அண்ணையிடம் கேள்விகளைக் கேட்டுப் பார்த்துவிட்டு, இவருக்கு ஜெர்மன் விளங்காதா என்று என்னிடம் கேட்டார். இதை மொழிப் பிரச்சினை என்று எடுத்துவிட்டால் நேரம் போய்விடும்.

"அவர் நல்லா ஜெர்மன் கதைப்பார். இப்ப அவர் கதைக்கிறது தமிழும் இல்லை" என்று ஜெர்மனில் சொன்னேன். அந்த இளைஞர் கேள்விகளை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு அழைத்தார். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது.

மருத்துவமனையில், கடைசியாக எப்போது ஒழுங்காகப் பேசினார் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பு என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. மூளைக்குப் போகும் குழாயில் இரத்தம் கட்டி அடைத்துவிட்டது என்றார்கள். அவரைச் சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோனார்கள்.

அவருடைய மனைவி வேலை உடுப்போடு ஓடி வந்தார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். நான் சொன்னதெல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"என்ரை பேரைச் சொன்னவரே?"

சொன்னாரா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த விளங்காத பேச்சுக்குள் அதுவும் இருந்திருக்கலாம். "தெரியேல்லை அக்கா" என்றேன். சிகிச்சை அறைக் கதவு திறக்கும்வரை அவருக்குப் பக்கத்திலேயே இருந்தேன்.

நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று வெளியே வந்த மருத்துவர் சொன்னார். அண்ணைக்குப் பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. இன்றைக்கும் சில சொற்கள் தொண்டை வரை வந்து நின்றுவிடும். கை பரவாயில்லை. படியில் கண்டால் நின்று கதைப்பார். சொல் வராவிட்டால் நான் எடுத்துக் கொடுப்பதில்லை, காத்திருப்பேன்.

பெரியவர்கள் பேசி எனக்கு விளங்காமல் போனதெல்லாம் என் தமிழின் குறை என்றே அதுவரை நினைத்திருந்தேன். அந்த நினைப்போடு இன்னும் ஒரு சுற்று ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் எண்ணிப் பார்க்கிறேன். அதனால் இப்போதெல்லாம், யார் முன்னால் எவ்வளவு வெட்கமாக இருந்தாலும், விளங்காததை விளங்கியதுபோல் சிரித்து விட்டுவிடாமல், என்ன சொன்னீர்கள் என்று இன்னொரு முறை கேட்டுவிடுகிறேன்.