சிவப்புச் சட்டைக்காரனும் பக்கத்து வீட்டுச் சேச்சியும்

கொச்சி மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் எங்கள் வீட்டில் மட்டும்தான் டிவி இருந்தது. அதனால் பக்கத்து வீட்டுச் சேச்சி தினமும் மாலையில் சீரியல் பார்க்க வருவார். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது கல்ஃபிலிருந்து வந்த மாமா எனக்கு டிவியில் மாட்டி ஆடும் ஒரு வீடியோ கேம் கொடுத்தார். அதில் சிவப்புச் சட்டை போட்ட ஒருவன் ஓடிக்கொண்டே இருப்பான். குழி வந்தாலும் பாம்பு வந்தாலும் அவனைக் குதிக்கவைக்க வேண்டும்.

ஒருநாள் சேச்சி சற்று முன்னதாகவே வந்துவிட்டார்.

"மோளே, இவன் எங்கோட்டு ஓடுறான்?"

"தெரியாது சேச்சி. நான் கடைசி வரைக்கும் போனதே இல்ல."

சொல்லி முடிப்பதற்குள் அவன் குழியில் விழுந்தான். "அய்யோ, போயி!" என்று சேச்சி நெஞ்சில் கைவைத்தார். அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். "யாரு? யாரு போயிட்டா?"

அன்றோடு சீரியல் பார்ப்பது நின்றது. தினமும் அம்மாவும் சேச்சியும் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, "சாடு மோளே!", "குதிடி!" என்று கத்துவார்கள். அவன் செத்தால் திட்டு எனக்கு. ஒருநாள் கார்ப்பரேஷன் வேலை முடிந்து வந்த அப்பா சாயா கேட்டார். "இருங்க, பாம்பு வருது" என்றாள் அம்மா. அப்பா சட்டென்று இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஒரு மாலை, அதுவரை பார்க்காத இடத்துக்குப் போய்விட்டேன். தூரத்தில் ஒரு வீடு தெரிந்தது. "அவன்ற வீடு!" என்று சேச்சி எழுந்தே நின்றுவிட்டார். அப்போது பார்த்து லோட் ஷெட்டிங். அரை மணி நேரம் இருட்டில் காத்திருந்தோம். கரண்ட் வந்தபோது அவன் முதல் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"கொண்டா இங்க" என்று அம்மா என் கையிலிருந்த கேம் ரிமோட்டைப் பிடுங்கினாள். அதற்கு முன் அவள் அதைத் தொட்டதில்லை. அவன் நேராக ஓடிப்போய் முதல் குழியிலேயே விழுந்தான். இரண்டு நாள் சேச்சி அம்மாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு தட்டு வேகவைத்த கப்பைக்கிழங்கோடு வந்து, "மோள் ஆடட்டும், அம்மா தொட வேண்டா" என்றார்.

முழுப் பரீட்சை விடுமுறையில் ஒருவழியாக அவனை அந்த வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கதவு திறந்தது, உள்ளே போனான். நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள் வெளியே வந்து, முன்னைவிட வேகமாக ஓட ஆரம்பித்தான்.

"உள்ள பொண்டாட்டியோட சண்டை ஆயிருக்கும்" என்றார் சேச்சி.