அக்கா அசையாமல் இருந்த படம்

எங்கள் வட்டாரத்தில் புகைமூட்டம் என்று பெயரெடுத்த போட்டோக்காரர் சிகரெட் பிடிப்பதில்லை. அவர் எடுக்கும் படங்களில் ஆள் மட்டும் பளிச்சென்று நிற்பார். பின்னால் இருக்கும் மரம், மதில், மாமியார் எல்லாம் தண்ணீரில் விழுந்த சாயம்போல் கரைந்துவிடும். அதற்கென்றே ஒரு லென்ஸ் வைத்திருந்தார். ஜூம் கிடையாது. கிட்டத்தில் வேண்டுமென்றால் அவர்தான் முன்னால் போகவேண்டும், தள்ளி வேண்டுமென்றால் அவர்தான் பின்னால் நடக்கவேண்டும். அப்படிப் பின்னால் நடந்து இரண்டு முறை பூங்காக் குளத்தில் விழுந்திருக்கிறார். இரண்டு முறையும் லென்ஸ் நனையவில்லை. அவருடைய மூக்குக்கண்ணாடிதான் போயிற்று.

படத்தைக் காட்டும்போது முகம் எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டார். "பின்னாடி எப்படிக் கரைஞ்சிருக்கு பாருங்க" என்பார். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டிப் பெருமைப்படும் தொழிலாளி, தத்துவ ஆசிரியர்களை விட்டால், எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

இவரிடம் என் அக்காவை அழைத்துப்போக நேர்ந்தது. அக்காவுக்குத் தலை ஆடும். வலமும் இடமுமாக, "வேண்டாம், வேண்டாம்" என்பதுபோல. நரம்புக் கோளாறு. வலியில்லை, ஆபத்தில்லை, மருந்துக்கும் மசிவதில்லை. சந்தையில் அவள் வாயைத் திறக்குமுன்பே விலை இறங்கிவிடும். அத்தான் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்ட கதையை இன்றும் சொல்வார்: "வாய் சரின்னுது, தலை வேண்டாம்னுது. நான் வாயை நம்பினேன். அது இன்னிக்கு வரைக்கும் ஓயல."

பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசை அவளுடையது. அங்கே ஊழியர் எல்லோருடைய படத்தையும் சுவரில் மாட்டினார்கள். அக்காவை யார் யாரோ எடுத்துப் பார்த்தார்கள். அறை வெளிச்சத்தில் எல்லாப் படத்திலும் அவளுக்கு மூன்று மூக்கு. கடைசியில் அவள் பெயருக்கு மேல் ஒரு பூந்தொட்டியை ஒட்டிவிட்டார்கள். 'தொட்டியக்கா' என்று பெயரும் வந்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அக்காதான். ஆனால் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைப் பார்த்தபடியே, "ஏன்டா, அந்தச் சுவத்துல எனக்கு ஒரு மூஞ்சி கிடைக்கவே கிடைக்காதா?" என்றாள். அப்போது சிரிக்கவில்லை.

அந்த ஞாயிறு காலையே அத்தானையும் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனோம். புகைமூட்டம் அவளை மர நிழலில் உட்காரவைத்து, லென்ஸின் திறப்பை முழுக்க விரித்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், "அசையாம இருங்கக்கா" என்றார்.

"அதுக்குத்தானே சார் உங்ககிட்ட வந்தோம்" என்றார் அத்தான்.

படபடவென்று எடுத்தார். படத்தில் ஆட்டம் என்னவோ நின்றுவிட்டது. ஆனால் அந்த லென்ஸை அவ்வளவு திறந்தால் ஒரு விரல் தடிமனுக்குத்தான் தெளிவு இருக்கும். அக்காவின் முகம் அந்த விரல் கனத்துக்குள் நிற்கவில்லை. ஒரு படத்தில் காது தெளிவாக இருந்தது, இன்னொன்றில் மூக்கு நுனி, மற்றொன்றில் சட்டைப் பொத்தான்.

"பின்னாடி பிரமாதமா வந்திருக்கு" என்றார் அவர், குரல் இறங்கிப்போய்.

"அது சரி தம்பி. முன்னாடி நான் இருந்தேனே, எங்க?"

வழி இருந்தது. லென்ஸின் திறப்பைச் சுருக்கிக்கொண்டு நல்ல வெயிலுக்குப் போகவேண்டும். முகம் முழுக்கத் தெளியும். வெயில் வெளிச்சத்தில் ஆட்டம் தெரியாத வேகத்தில் எடுக்கவும் முடியும். ஆனால் பின்னால் இருப்பதும் சேர்ந்து தெளிந்துவிடும். நான் அதைச் சொன்னதும் புகைமூட்டத்தின் முகம் கறுத்தது.

"அப்படி எடுக்கறதுக்கு நான் எதுக்கு சார்? போன் போதுமே."

அக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "விடுங்க தம்பி. பூந்தொட்டியும் பாக்க லட்சணமாத்தான் இருக்கு."

அவர் அவளையே பார்த்தார். அப்புறம் லென்ஸைப் பார்த்தார். "உக்காருங்க" என்றார். "இல்ல, எந்திரிங்க. வெயிலுக்கு வாங்க." வளையத்தைத் திருப்பினார். "இது இவ்வளவு தூரம் திரும்பும்ங்கறதே மறந்துபோச்சு."

அத்தான் ஒதுங்கிப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். "அங்க போய்த் தூங்கிடாதீங்க!" என்று அக்கா அவரை அதட்டிய நொடியில் படம் விழுந்தது.

திரையில் அக்கா. இரண்டு கண்ணும், இரண்டு புருவமும், அதட்டிக்கொண்டிருந்த வாயும், ஒரே ஒரு மூக்கும். அவள் தலை அங்கே அசையவில்லை. பின்னால் குப்பைத்தொட்டி, கழிப்பறைக்கு வழிகாட்டும் அம்புக்குறி, பெஞ்சில் வாய் பிளந்து கொட்டாவி விடும் அத்தான். எல்லாம் அநியாயத்துக்குத் தெளிவு.

புகைமூட்டம் கண்ணை மூடிக்கொண்டார். "கம்ப்யூட்டர்ல போட்டு அழிச்சுடறேன்க்கா. அந்தத் தொட்டி, அம்பு, பெஞ்சுல ஒருத்தர்..."

"யோவ்!" என்றார் அத்தான்.

அக்கா கேமராவை இரண்டு கையாலும் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "எதையும் அழிக்காதீங்க. நானே இப்பத்தான் வந்திருக்கேன். கூட வந்தவங்களும் இருந்துட்டுப் போகட்டும்."

படம் சுவரேறியது. டாக்டர் நெருங்கி நின்று பார்த்துவிட்டு, "பின்னாடி இருக்கறவரை ஒருநாள் வரச் சொல்லுங்க, கடைவாய்ப் பல்லு சரியில்ல" என்றார். அதுவும் சரிசெய்தாயிற்று.

புகைமூட்டம் மறுநாளே தன் பழைய மதத்துக்குத் திரும்பிவிட்டார். எனக்கு அதில் வருத்தமில்லை. ஒருவர் தன் வித்தையைக் காட்டினால் கைதட்டிவிடலாம். நமக்காக அதை ஒருவேளை கீழே வைத்தால் என்ன செய்வதென்று தெரிவதில்லை. அக்காவுக்குத் தெரிந்திருந்தது. பூங்காவில் அவரைத் தேடிப் போனாள்.

"நான் எடுத்ததுலயே மோசமான படம்க்கா அது" என்றார் அவர், சங்கடத்தோடு.

"என்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான் தம்பி" என்றாள் அக்கா. "நீங்க நல்லா இருக்கணும்."