போர்மேன் ஊர் மழை

அட்டை மில்லில், களத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில், ஒரு கரும்பலகை மாட்டியிருக்கும். அன்று எத்தனை அட்டை வெயிலில் பரப்பினார்கள், எத்தனை காய்ந்து உள்ளே வந்தது, எத்தனை சுருண்டு வீணானது என்று அதில் சாக்பீஸால் எழுதுவார்கள். வலது மேல்மூலையில், கோடு போட்டுப் பிரித்த சின்ன இடத்தில், தினமும் காலையில் இரண்டு மூன்று வார்த்தைகள் இருக்கும். 'மூடுபனி. பிற்பகல் தூறல்.' 'நல்ல மழை. காற்று.' போர்மேனின் கையெழுத்து, அச்சுக் கோத்தது போல இருக்கும். அந்த மூலையை நம்பி நான் நாலு மாதம் செய்த காரியத்தை நினைத்தால், இந்த வயதிலும் எனக்குக் காது சூடாகிறது.

எழுபதுகளின் தொடக்கம். திருவள்ளூரைத் தாண்டி, காக்களூர் ஏரிக்கு இந்தப் பக்கம் இருந்தது மில். வைக்கோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்து, கூழாக அரைத்து, தகடாக இழுத்து வெட்டுவார்கள். ஈர அட்டையைப் பெண்கள் தலையில் சுமந்துபோய்க் களத்தில் வரிசையாகப் பரப்புவார்கள். ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்பிப் போட வேண்டும். நேரம் தவறினால் அப்பளம் மாதிரிச் சுருண்டுவிடும். பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போவது பெரும்பாலும் எங்களிடமிருந்துதான். வெயில் இல்லையென்றால் மில்லே இல்லை. அந்த வாசனை எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். முதல் வாரம் என் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தித் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விட்டாள்.

ஆவணிக் கடைசியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். அப்பாவுக்குக் கோயில் மடப்பள்ளியில் கைங்கரியம். எங்கள் வம்சத்தில் சம்பளத்துக்குப் போன முதல் பெண் நான்தான். அதனால் பயமும் அதிகம், மிடுக்கும் அதிகம். யாரிடமும் எதையும் கேட்கமாட்டேன். கேட்டால் தெரியாது என்று தெரிந்துவிடும் அல்லவா? தினமும் மாலையில் பட்டணத்து ஹெட் ஆபீசுக்கு ஓர் அறிக்கை எழுதுவது என் வேலை. கார்பன் வைத்து இரண்டு பிரதி. பரப்பியது, காய்ந்தது, வீணானது என்று கட்டங்கள். கடைசியில் 'வானிலை' என்று ஒரு கட்டம். "வானிலைக்குப் போர்மேன கேட்டுக்கோம்மா" என்றார் மேனேஜர். நான் கேட்கவில்லை. பலகையின் மூலையைப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில், என் கட்டத்தில் மூடுபனி. எனக்கும் உறுத்தாமல் இல்லை. ஆனால் அது முன்கூட்டிச் சொல்லும் வானிலையாக இருக்கும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் சொன்ன மழை என்றைக்குச் சொன்னபடி வந்தது? வானிலை என்றால் பொய்க்கும் என்று நினைத்து வளர்ந்தவள் நான்.

போர்மேன் நீலகிரியில் ஒரு சின்ன ஊர்க்காரர். அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் பகுதியில் இருந்தவர். முப்பது வயதிருக்கும். மார்கழியில் நாங்கள் எல்லாம் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு வரும்போது அவர் மட்டும் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றிவிட்டு நிற்பார். அதிர்ந்து பேசத் தெரியாது. காலையில் ஸ்டேஷனில் பேப்பர் வாங்கி, எல்லோரும் தலைப்புச் செய்தி படிக்கும்போது அவர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போவார். மனைவி அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர், தாயார் வீட்டில் இருக்கிறார் என்பது தெரியும். அதற்குமேல் நாங்கள் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

அந்த வருஷம் எங்கள் பக்கம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. ஏரியில் ஆடு மேய்ந்தது. மில்லுக்கு அதுவே கொண்டாட்டமாகிவிட்டது; வேறெந்த வருஷமும் இல்லாத அளவுக்கு அட்டை காய்ந்தது. மார்கழி முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை, ஹெட் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. மேனேஜர் அதை மூன்று தடவை படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா இது? விடாத மழைலயும் மூடுபனிலயும் இம்மாம் அட்டை காயவெச்ச போர்மேனுக்குப் பாராட்டுன்னு எழுதிக்கிறாங்கோ. எந்த ஊர்லம்மா மழை?"

பட்டணத்தில் விசிறிக்கடியில் உட்கார்ந்திருந்தவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை, என் கட்டத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். கடிதத்தின் அடுத்த பாரா இன்னும் மோசம். மழையிலேயே இப்படி வேலை வாங்குகிறவர் மழை ஓய்ந்ததும் இரண்டு பங்கு வாங்குவார் என்று கணக்குப் போட்டு, பொங்கலுக்குள் இரட்டை லோடு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதுவரை போர்மேனுக்கு விடுப்பு கிடையாது என்றும் எழுதியிருந்தார்கள். மறுநாளிலிருந்து பத்து நாள் விடுப்புக் கேட்டு அவர் மார்கழி முதல் தேதியே எழுதிக் கொடுத்திருந்தார்.

கடிதத்தையும் கார்பன் பிரதிகளையும் எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனேன். மேனேஜரும் பின்னாலேயே வந்தார். பலகையைப் பார்த்தால், அன்றைக்கு மூலை போதாமல் பாதிப் பலகைக்கு நீண்டிருந்தது எழுத்து. திங்கள், மேகம். செவ்வாய், தூறல். புதன், பிற்பகலுக்கு மேல் மழை. வியாழன், கனமழை. வெள்ளி, கனமழை, மண் சரியும். சனி, மழை. ஞாயிறு, குறையும். எங்கள் தலைக்கு மேலே கழுவித் துடைத்த மாதிரி வானம்.

"இது எந்த ஊர் வானிலை சார்?" என்று போர்மேனிடம் கேட்டேன். நாலு மாதத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"எங்க ஊருதுங்க" என்றார். ஏதோ திருடி அகப்பட்டவர் போல வெட்கப்பட்டார். "பேப்பர்ல ரெண்டு நாளைக்குத்தாங்க சொல்லுவாங்க. மிச்சம் நானாப் போட்டது. தை பொறக்கற சமயத்துல கெழக்கக் காத்து மலைல மோதுனா இப்படித்தானுங்க வரும். தேயிலை பேக்டரில திங்கக்கெழமையானா ஒரு வாரத்துக்கும் எழுதிப் போடுவோம். அந்தப் பழக்கம்."

மேனேஜர் முதலில் சிரித்தார். களத்துப் பெண்களும் சிரித்தார்கள். நான் கடிதத்தைப் போர்மேனிடம் நீட்டினேன். அவர் பாராட்டைப் படிக்கவில்லை; அவர் கண் விடுப்பு வரியில் போய் நின்றது. பிறகு அவரே சொன்னார். மனைவிக்கு நிறைமாதம். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் வசதி கிடையாது. கீழே சமவெளிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தலைப்பிரசவம். இதே மாதிரி ஒரு வாரம். பாதையில் மண் சரிந்து ஒன்றரை நாள் ஜீப்பிலேயே கிடந்தார்கள். மனைவி பிழைத்தார், குழந்தை தங்கவில்லை.

"அன்னிக்கு நான் வானத்தைப் பாக்காம உட்டுட்டனுங்க" என்றார். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவர் பார்க்காமல் விட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அவருடைய விடுப்பை மறித்துக்கொண்டு நின்றது ஹெட் ஆபீஸ் அல்ல, என் கையெழுத்து. "நான் தப்பா எழுதினதைச் சொல்லி ஹெட் ஆபீசுக்குக் கடிதம் எழுதறேன் சார்" என்றேன் மேனேஜரிடம்.

"எழுதுனா உன் வேலை போய்டும்மா. என் வேலையும்தான். நாலு மாசம் கையெழுத்துப் போட்டவன் நானு. அப்புறம் அவங்கோ பதில் போடறதுக்குள்ள வெள்ளிக்கெழமை ஆய்டும்."

களத்துக்கு மேஸ்திரியாக இருந்த அம்மாள் அதுவரை இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேப்பம்பட்டுப் பக்கம் ஊர். ஐந்து பிள்ளை பெற்றவள். நேராகப் போர்மேனிடம் வந்தாள்.

"நீ கெளம்பு நைனா. இங்க நின்னுக்கினு இன்னா பண்ணப்போற? அட்டைய எப்பத் திருப்பணும்னு எங்களுக்குத் தெரியாதா? இத்தினி நாளா நீ பேப்பரப் பாத்துக்கினு இருந்த, நாங்க வெயிலப் பாத்துக்கினு இருந்தோம். உன் பொஞ்சாதியப் போய் இட்டுக்கினு எறங்கு."

மேனேஜர் வானத்தைப் பார்த்தார், பூமியைப் பார்த்தார். "நான் நாஷ்டா துன்னப் போறேன். திரும்பி வர அர மணி நேரம் ஆவும். அதுக்குள்ள இங்க யார் போறாங்கோ வர்றாங்கோன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு நடந்தார். அப்போது மணி பதினொன்று. அவர் காலை எட்டு மணிக்கே இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்.

போர்மேன் அன்றே போய்விட்டார். நான் ஹெட் ஆபீசுக்கு எழுதினேன். மேனேஜருக்குத் தெரியாது, போர்மேனைச் சொல்லிக் குற்றமில்லை, கேட்காமல் எழுதியது நான் ஒருத்திதான் என்று இரண்டு பக்கம். லோடு ஏற்றிப்போன டிரைவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய் அப்பா முகத்தைப் பார்க்கமுடியாமல் சீக்கிரம் படுத்துவிட்டேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், வேலை போவதைப் பற்றிய பயம் செவ்வாய்க்கிழமையோடு தீர்ந்துவிட்டது. புதன்கிழமை நான் கடைசிப் பக்கத்துக்காகப் பேப்பர் வாங்கினேன்.

அன்றிலிருந்து பலகையின் மூலையில் நான்தான் எழுதினேன். பெண்களுக்குப் படித்துச் சொல்ல வேண்டும். சோற்றுத் தூக்கை வைத்துவிட்டு முதலில் அங்கேதான் வருவார்கள். "அங்க இன்னா சொல்றான்?" புதன்கிழமை மழை என்று படித்தேன். வியாழன் கனமழை. வெள்ளிக்கிழமைப் பேப்பரில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது என்று நாலே வரி வந்திருந்தது. எந்த நாள், எந்த நேரம், எவர் எங்கே மாட்டிக்கொண்டார்கள், எதுவும் இல்லை. நான் அதைப் படித்ததும் மேஸ்திரியம்மா களத்துக்குப் போய் அட்டையைத் திருப்ப ஆரம்பித்தாள். அன்று பெண்கள் சோற்றுத் தூக்கைத் திறக்காமலே வேலை செய்தார்கள். பிற்பகலில் எங்கள் பக்கமும் மேகம் திரண்டு வந்தபோது, யாரும் சொல்லாமலே ஓடி, ஓர் அட்டைகூட நனையாமல் எடுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை இரண்டு தபால் வந்தது. ஹெட் ஆபீஸ் கவரை மேனேஜர் பிரித்தார். என் இரண்டு பக்கத்துக்குப் பதில் ஒரே வரி: இனிமேல் வானிலைக் கட்டத்தைப் பூர்த்தி செய்யத் தேவையில்லை. அவ்வளவுதான். யார் வேலையும் போகவில்லை. இன்னொன்று போர்மேன் அடித்த தந்தி. புதன்கிழமை மத்தியானமே ஒரு காய்கறி லாரியில் கீழே இறங்கிவிட்டார்கள். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். நான் படித்து முடிக்கவில்லை, மேஸ்திரியம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் புடவையெல்லாம் வைக்கோல் கூழ். நானும் அழுதேன். மேனேஜர் இன்னொரு முறை நாஷ்டா சாப்பிடப் போனார்.

இப்போது செல்போனில் எந்த ஊர் மழையையும் பத்து நாளுக்கு முன்பே காட்டுகிறான். என் பேரன் அதைப் பார்த்துத்தான் கிரிக்கெட் பேட்டை எடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறான். நல்லதுதான். நாலு வரிக்காக அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் பட்ட பாட்டை யாரும் படவேண்டாம்.

பங்குனியில் போர்மேன் குடும்பத்தை அழைத்துவந்து திருவள்ளூரில் வீடு எடுத்தார். ஒரு நாள் மனைவியையும் குழந்தையையும் மில்லுக்குக் கூட்டிவந்தார். குழந்தை களத்துப் பெண்களிடம் கைமாறிக் கைமாறிப் போய்விட்டது. அந்த டீச்சர் நேராக என் மேஜைக்கு வந்தார். ஒல்லியான உடம்பு, சிரித்த முகம். "எங்க ஊரு வானிலைய எழுதி வெச்சிருக்கீங்களாமே, பாக்கலாங்களா?" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. வேறு வழியில்லாமல் கார்பன் பிரதிக் கட்டை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து பள்ளிக்கூட நோட்டுத் திருத்துவது போல ஒவ்வொன்றாகப் புரட்டினார். மூடுபனி, தூறல், மழை. நடுநடுவே "ஆமா" என்று தலையாட்டினார். புரட்டாசியில் ஒரு தாளில் விரல் நின்றது.

"இது தப்புங்க" என்றார். "பேப்பர்ல தூறல்னு போட்டிருப்பான். எங்க ஊர்ல அன்னிக்கு நல்ல வெயிலு. துணியெல்லாம் காயப்போட்டுட்டு முத்தத்துல உக்காந்திருந்தேன். அன்னிக்குத்தானுங்க இவ மொதமொதல்ல உள்ள இருந்து ஒதைச்சா."

நான் பேனாவை எடுத்தேன். நாலு மாதத் தாளில் அந்த ஒரு தேதியை மட்டும், தூறலை அடித்துவிட்டு, 'வெயில்' என்று திருத்தினேன்.