வெள்ளிக்குக் கட்சி கிடையாது

அந்தக் குண்டுபோடும் விமானத்துக்குள் முதன்முதலாகத் தலையை நீட்டிய அன்று நான் வாந்தி எடுத்தேன். உலக யுத்தம் முடிந்த கையோடு அதை ஏதோ ஒரு விமானத்தளத்தின் ஓரத்தில் தள்ளிவிட்டிருந்தார்களாம். வருஷக்கணக்கில் அதற்குள் வௌவால்கள் குடியிருந்திருக்கின்றன, மனிதர்கள் அவசரத்துக்கு ஒதுங்கியிருக்கிறார்கள். அந்த வீச்சத்தின் மேல் டர்பன்டைன் வாடையும் சேர்ந்து அடித்தால் யாருக்குத்தான் குமட்டாது. பின்னால் நடந்ததையெல்லாம் நினைத்தால், அன்று எடுத்த வாந்தி போதாது என்றுதான் தோன்றுகிறது.

எழுபதுகளின் கடைசி அது. நான் பெண்கள் பள்ளி ஒன்றில் ட்ராயிங் டீச்சர். திருநகரில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு பூங்கா உண்டு. பூங்கா என்றால் நாலு வேப்பமரமும் உடைந்த சறுக்குமரமும்தான். அதற்கு ஒரு பெருமை சேர்க்க வேண்டும் என்று எங்கள் பகுதிப் பெரிய மனிதர்கள் கமிட்டி போட்டு, இந்த விமானத்தை ஏலத்தில் எடுத்து, துண்டு துண்டாக லாரியில் கொண்டுவந்து, மேலூர் ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் ஒட்டவைத்திருந்தார்கள். கமிட்டித் தலைவர் அரிசி மில் முதலாளி. செயலாளர் ஓய்வுபெற்ற தாசில்தார். என்ன வர்ணம் அடிப்பது என்று யோசனை சொல்ல, படம் வரையத் தெரிந்த ஒரு ஆள் வேண்டுமாம். அதற்காக என்னைச் சேர்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அந்த யுத்தத்தின்போது ரங்கூனிலிருந்து நடந்து வந்தவள். அப்பாவுக்கு அங்கே அரிசிக் கிட்டங்கியில் கணக்கு எழுதும் வேலை. நான் அப்போது கைக்குழந்தை, எனக்கு மேலே ஓர் அண்ணன் இருந்தான். அண்ணன் செத்துப்போனான் என்று தெரியுமே தவிர, எப்படி என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. அன்றுதான் சொன்னாள். அரிசி களைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“காலையில கூட்டமா வந்துச்சு. வெயில்ல அம்புட்டும் வெள்ளியா மின்னுச்சுடி. அது எதுக்கு வருதுன்னு எவனுக்குத் தெரியும்? தெருவே வாசல்ல நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டிருந்துச்சு. நாந்தான் அவனைக் கூப்புட்டுக் காட்டுனேன், பாருய்யா பாருய்யான்னு. நீ உள்ள அழுதே. தூக்க வந்தேன். அவன் பாத்துக்கிட்டே நின்னான்.”

களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தாள். “என்ன கலர் வேணாலும் அடிச்சுக்கிறட்டும். வெள்ளி மட்டும் வேணாம்னு சொல்லு தாயி. எந்திரிச்சா அந்த ஜன்னலைத்தானே நான் பாக்கணும்?”

அவ்வளவுதான் அவள் கேட்டது. வாழ்க்கையில் என்னிடம் அவள் எதுவும் கேட்டதாக ஞாபகமில்லை. இதைக்கூட வாங்கித்தர முடியாதா என்று நிமிர்ந்துதான் போனேன்.

பட்டறையில் இறக்கையை பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். அழுக்குக்கு அடியில் பழைய வர்ணம் இருந்தது. இலைப்பச்சை, பக்கத்தில் மண்நிறம், திட்டுத் திட்டாக. மேலேயிருந்து பார்க்கிறவன் கண்ணுக்குக் காடும் வயலுமாகத் தெரியட்டும் என்று அடித்தது. நல்லதாகப் போயிற்று, உள்ளது உள்ளபடியே அடித்துவிடலாம், வெள்ளியும் வராது என்று நினைத்து, காகிதத்தில் வரைந்து வர்ணம் தீட்டிக் கமிட்டிக்குக் காட்டினேன். தலைவர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, “பிரமாதம் டீச்சர்” என்றார்.

வர்ணம் அடிக்க வந்தவர் லாரிகளுக்குப் பெயர் எழுதுகிற பெயிண்டர். “டீச்சரம்மா, பின்னாடி ஒரு கிளி போட்டுருவமா? கண்ணு படாம மூக்குல ஒரு ராட்சச மூஞ்சி?” என்று ஆசையாகக் கேட்டார். எதுவும் வேண்டாம், மண்கலரும் பச்சையும் போதும் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். அவர் அறிந்த மண்கலர் ஒன்றே ஒன்றுதான். வால் பகுதியில் வெள்ளைப் பூச்சின் மேல் காவியைப் பட்டை பட்டையாக இழுத்து வைத்திருந்தார். காவி, வெள்ளை, காவி, வெள்ளை. அச்சு அசல் கோயில் மதில். மறுநாள் காலையில் பட்டறையைத் தாண்டிப் போன இரண்டு பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நானே பார்த்தேன். சிரித்தேன். அதுதான் இந்த விவகாரத்தில் நான் கடைசியாகச் சிரித்தது.

அந்த வால் கமிட்டியைக் கிளப்பிவிட்டது. அவசரக் கூட்டம் போட்டார்கள். காவி அடித்தால் கோயில் விமானம் என்பார்கள், மற்ற மதத்துக்காரர் மனசு நோகும் என்றார் செயலாளர். சரி, பச்சை? பச்சை அடித்தால் இவர்கள் மனசு நோகும். சிவப்பா, அது உண்டியல் குலுக்குகிறவர்கள் கொடி. கருப்பு அபசகுனம், போதாக்குறைக்கு அதற்கும் கட்சி இருக்கிறது. நீலத்துக்கு ஒருவர் முகத்தைச் சுளித்தார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. எந்தச் சாதியை நினைத்துச் சுளித்தார் என்று எல்லோருக்கும் புரிந்தது, யாரும் வாயைத் திறக்கவில்லை. மஞ்சள் என்று யாரோ சொன்னதும் தலைவர் பதறிப்போனார்.

“மஞ்சளா? மில்லு வச்சிருக்கிறவன் ஊருக்கு நடுவுல மஞ்சளை அடிச்சு நிறுத்துனா, மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்னு நாளைக்கே கெளப்பி விட்ருவாய்ங்க.”

“அப்ப வெள்ளை அடிப்போம்ணே.”

“தாலியறுத்தவ மாதிரி நிக்கும்யா.”

என் அம்மா வெள்ளைச் சேலை கட்டுகிறவள் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தினமும் பால் வாங்க அவர்கள் வாசல் வழியாகத்தான் போவாள். சொன்னவர் வடையைப் பிய்த்துச் சட்னியில் தொட்டுக்கொண்டிருந்தார். கொலை செய்வதற்கென்று செய்த ஒரு சாமானைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, அது எத்தனை பேரைக் கொன்றிருக்கும் என்று ஒரு வார்த்தை பேசாமல், எந்த வர்ணத்துக்கு யார் கோபிப்பார் என்று எண்ணெய்க் கையோடு கணக்குப் பார்க்கிறார்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது. வடையை ஒதுக்கி வைத்தேன்.

அப்போதுதான் வாசலில் நின்றிருந்த பெயிண்டர் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார். “அண்ணே, தண்ணித் தொட்டிக்கும் கேட்டுக்கும் அடிப்போம்ல, சில்வர்? அதை அடிச்சா எந்தக் கட்சிக்காரனும் கேக்கமாட்டான்.”

தலைவர் மேசையைத் தட்டினார். “அப்படிப் போடு! வெள்ளிக்கு ஏதுய்யா கட்சி?”

நான் எழுந்து நின்றேன். வெள்ளி மட்டும் வேண்டாம் என்றேன். ஏன் என்றார்கள். சொல்லக்கூடாது என்று நினைத்திருந்ததைச் சொன்னேன். ரங்கூனையும், தெருவையும், அண்ணனையும் அந்த வடைத் தட்டுகளுக்கு நடுவே கொண்டுவந்து வைத்தேன். செயலாளர் நாக்கால் ‘ச்சொ’ கொட்டினார். பிறகு, சந்தேகம் கேட்கிற மாணவிக்கு விளக்குவதுபோல ஆரம்பித்தார்.

“அதெல்லாம் ஜப்பான்காரன் போட்டது டீச்சர். இது அவனை எதிர்த்த நம்ம பக்கத்து விமானம்.”

தலைவர் அவரைவிட நல்லவர். “அம்மா மனசு நமக்கும் புரியுதுல்ல? உங்க வீட்டு ஜன்னலுக்கு நல்லதா ஒரு திரை தச்சுக் குடுத்துருவோம். கமிட்டிச் செலவு. அதோட அடிப்பக்கத்துக்கு மட்டும் உங்க இஷ்டப்படி கலர் சொல்லுங்க. தூணு மேல நிறுத்துனப்புறம் அடிப்பக்கத்தை யாரு பாக்கப் போறா?”

எல்லோரும் தலையாட்டினார்கள். நல்ல தீர்ப்பு சொன்ன திருப்தி அவர் முகத்தில் எண்ணெயோடு எண்ணெயாக மின்னியது. அவர்களுடைய இரக்கம் எனக்கு அந்த வௌவால் வீச்சத்தைவிட மோசமாக நாறியது. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அம்மாவிடம் மறைக்க முடியுமா? வெள்ளிதான் என்று சொன்னேன். அடிப்பக்கம் மட்டும் நம் இஷ்டமாம் என்றும் சொன்னேன்.

“நான் பாத்ததே அடிப்பக்கந்தானேடி” என்றாள் அம்மா.

“என்ன கலர்மா சொல்லட்டும்?”

“ஒரு கலரும் சொல்லாதே. அதுக்குக் கீழ எந்தப் புள்ளையும் நிக்கவேணாம்னு சொல்லு. அது போதும்.”

அதையும் போய்ச் சொன்னேன். சரி சரி என்றார்கள். சில நாளில் விமானம் வந்தது. சிமெண்டுத் தூண்களின் மேல் தூக்கி வைத்தார்கள். மீந்த பெயிண்டை வீணாக்குவானேன் என்று அடிப்பக்கத்துக்கும் சேர்த்தே வெள்ளியை அடித்துவிட்டார் பெயிண்டர். திரையும் வந்து சேர்ந்தது. பூப்போட்ட திரை, ஓரத்தில் கமிட்டியின் பெயர் தைத்திருந்தது. அதை அடுப்புத் துடைக்க வைத்துக்கொண்டேன். ஜன்னலை நான் சாத்துவேன், அம்மா திறப்பாள். கண்ணை மூடிக்கொண்டால் அது அங்கே இல்லை என்று ஆகிவிடுமா என்பாள்.

திறப்பு விழாவுக்கு நான் போகவில்லை. ஆனால் எதிர்வீட்டில் இருந்துகொண்டு எதைத் தவிர்ப்பது? மூக்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்து, ஒலிபெருக்கியில் வாழ்த்துரை வழங்கினார்கள். கடைசியில் செயலாளரின் குரல் வந்தது. இந்த விமானத்தின் வயிற்றில் குண்டு வைக்கிற இடத்தில் இன்று மிட்டாய் நிரப்பியிருக்கிறோம், கயிற்றை இழுத்தால் கதவு திறந்து கொட்டும், இதுவல்லவோ அகிம்சை என்றார். கைதட்டினார்கள். அடுப்படியில் நின்றுகொண்டு தூ என்றேன். பிறகு அவர், “பிள்ளைகளெல்லாம் அடியில வந்து நில்லுங்க. எல்லாரும் மேல பாருங்க” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். ஜன்னலோரம் அம்மா இல்லை.

நான் வாசலுக்கு ஓடிவந்தபோது அவள் ரோட்டைத் தாண்டிவிட்டாள். வெள்ளி வயிற்றின் கீழே பிள்ளைகள் கூட்டமாக, வாயைத் திறந்து, கையை ஏந்திக்கொண்டு அண்ணாந்து நின்றார்கள். ஒவ்வொரு முகத்திலும் அந்த மின்னல் விழுந்தது. அம்மா கூட்டத்துக்குள் நுழைந்து ஒரு சின்னப் பையனின் கையைப் பிடித்து இழுத்தாள். “மேல பாக்காதே! ஓடுய்யா! உள்ள ஓடு!” அவன் அலறினான். அவள் விடவில்லை. மேலே கதவு திறந்து மிட்டாய் கொட்டியது, அவள் தலையிலும் முதுகிலும் விழுந்தது. அவள் பையனைத் தன் உடம்பால் மூடிக்கொண்டு வேப்பமரம் வரை இழுத்துக்கொண்டு போனாள். கூட்டம் சிரித்தது. மேடையில் தலைவரும் சிரித்தார். மைக்கை மூடாமலே, “யாருய்யா அந்தப் பைத்தியம்?” என்று கேட்டார்.

பையனின் தாய் ஓடிவந்து அவனைப் பிடுங்கிக்கொண்டாள். “எம்புள்ளைக்கு ஒரு மிட்டாய் கெடைக்காமப் பண்ணிட்டியே, பைத்தியக்காரி!”

“மிட்டாய் நான் வாங்கித் தாரேன் தாயி” என்றாள் அம்மா. மூச்சு வாங்கியது. அவளைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். முதுகுப்பக்கம் சேலையில் நசுங்கிய மிட்டாய் ஒட்டியிருந்தது, எறும்பு வரும் என்று அதைப் பிய்த்துப் போட்டேன். அந்தக் கூட்டத்தையும், மேடையையும், மைக்கையும் நாக்கில் வந்த கெட்ட வார்த்தைகளாலெல்லாம் திட்டினேன்.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்தாள். எதிரே அது வெயிலில் மின்னிக்கொண்டு நின்றது.

“அவுகளைத் திட்டாதே” என்றாள். “அன்னைக்கு அவனைக் கையப் பிடிச்சு இழுத்துப் போட, அந்தத் தெருவுல இப்படி ஒரு பைத்தியக்காரி இல்லாமப் போயிட்டாளேடி.”